படிக்கும் மூலை: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் மனம் பதறாமல் உட்கார்ந்து படிக்க வீட்டில் ஓர் இடம் செய்து கொடுப்பது எப்படி என்று கேட்டு இரு மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சில இங்கே. பலரும் "என்ன வாங்க வேண்டும்?" என்றே கேட்டிருக்கிறார்கள். வாங்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை வழக்கமாகப் படிக்கும் நேரத்தில், அவன் உட்காரும் அதே இடத்தில், நீங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். முதுகில் ஓடும் வியர்வை, தாளில் விழும் கை நிழல், தோளில் ஏறும் வலி எல்லாம் தெரிந்துவிடும். சிடுசிடுப்பு, சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவது பல சமயம் உடம்பு படும் அவஸ்தைதான்.

எங்களுடையது சிமென்ட் ஷீட் போட்ட வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றைப் பதினொன்றாவது படிக்கும் மகனுக்கு ஒதுக்கியிருக்கிறோம். மாசி பிறந்தாலே மதியத்துக்கு மேல் அவனால் அங்கே உட்கார முடியவில்லை, தலைவலி என்கிறான். ஏசி போட வசதி இல்லை.
– ஒரு தாய், காரிமங்கலம்

அவன் சாக்குச் சொல்லவில்லை அம்மா. வெயிலில் காய்ந்த ஷீட் தோசைக்கல் மாதிரி கீழ்நோக்கி அனல் வீசும். மின்விசிறி அந்த அனலைத்தான் தலையில் இறக்கும். பெரிய விசிறி வாங்கிப் பயனில்லை. ஷீட் சூடாவதைக் குறைக்க வேண்டும்.

முதலில் ஷீட்டின் மேல் வெள்ளையடியுங்கள். இதைத் தை கடைசியில், வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கல் சுண்ணாம்பை முந்தின நாளே இரும்பு டிரம்மில் நீற்ற வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மறுநாள் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து அடிக்கலாம். மெல்லியதாக இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் சீக்கிரமே பொருக்குப் பொருக்காக உதிரும். மழையில் கரைவதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கும்.

இந்த வேலையில் விழுந்து அடிபடுவதுதான் பெரிய ஆபத்து. ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. போல்ட் வரிசை எங்கே ஓடுகிறதோ அதற்கு அடியில்தான் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குச் சட்டம் எட்டும்படி நீளப் பலகை போட்டு, பலகை மேல் மட்டும் நகருங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். அதிலிருந்து பறக்கும் நார்த்தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைப்பது போதும்.

உள்ளே, ஷீட்டுக்கு 6 அங்குலம் கீழே மூங்கில் தட்டியோ பாயோ கட்டுங்கள். அந்த இடைவெளியின் இரண்டு முனையும் திறந்திருந்தால்தான் சூடான காற்று வெளியேறும். அடைத்துக் கட்டினால் தட்டியும் சேர்ந்து சுடும். தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். வயரில் தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டும், கரும்புகை அறையை நிறைத்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் சித்திரை மதியத்தில் அந்த அறை சுடத்தான் செய்யும். 12 மணியிலிருந்து 5 மணி வரை தாழ்வாரமோ, வேப்பமர நிழலோ, பக்கத்துத் தளம் போட்ட வீட்டுத் திண்ணையோ பார்த்துக் கொடுங்கள். ராத்திரி வெளியே குளிர்ந்த பிறகு டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வைத்து உள்நோக்கி ஓட விட்டு, எதிர்ப் பக்கத்தில் ஒரு வழி திறந்து வைத்தால் ஷீட் வீடு சீக்கிரம் ஆறிவிடும். ஜன்னலில் ஈரத்துணி கட்டுவது பங்குனியின் வறண்ட காற்றில் பலிக்கும். மழைக் காலத்தில் புழுக்கம்தான் கூடும். மேற்குச் சுவரை ஒட்டி மேசை போடாதீர்கள்: 9 அங்குலச் செங்கல் சுவர் மதியம் வாங்கிய வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகுதான் உள்ளே கக்கும்.

மகளுக்குத் தனி அறை, நல்ல மேசை, மேலே 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப். ஆனாலும் கண் எரிகிறது, எழுத்து ஆடுகிறது என்கிறாள். வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க முடியாது.
– ஒரு தந்தை, ஓசூர்

கண் பரிசோதனை முதலில். அதில் ஒன்றும் இல்லை என்றால் கோளாறு வெளிச்சத்தில்தான். எழுத்து ஆடுகிறது என்று அவள் சொன்ன வார்த்தை முக்கியமானது. டியூப் விசிறி இறக்கைக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் இறக்கை சுற்றும்போதெல்லாம் வெளிச்சத்தை வெட்டும்; தாளின் மேல் நிழல் துடித்துக்கொண்டே இருக்கும். விசிறியை நிறுத்தியதும் ஆட்டம் நின்றால் அதுதான் காரணம். விசிறியை நிறுத்தியும் ஆடினால் டியூபே மினுக்குகிறது. மொபைல் கேமராவை டியூபுக்குப் பக்கத்தில் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் பளிச்சென்று ஓடினால் அந்த டியூபை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது நிழல். சுவரைப் பார்த்த மேசை, முதுகுப் பக்கம் டியூப் என்றால் அவளுடைய தலையே நோட்டை மறைக்கும். நோட்டின் நடுவில் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். பென்சில் நிழல் எழுதும் கை இருக்கும் பக்கத்தில் விழ வேண்டும், எழுத்தின் மேல் விழக் கூடாது. ஆணி அடிக்காமல், மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் கிளிப் விளக்கு ஒன்று போதும். 5 முதல் 7 வாட்ஸ், வலது கைக்காரருக்கு இடது பக்கம், தாளிலிருந்து சுமார் 15 அங்குல உயரம். உட்கார்ந்த நிலையில் எல்.இ.டி. மணிகள் கண்ணுக்கே தெரியக் கூடாது; தெரிந்தால் மூடியை இன்னும் தாழ்த்துங்கள். அறை விளக்கையும் எரிய விடுங்கள். சுற்றிலும் இருட்டு, தாளில் மட்டும் வெளிச்சம் என்றால் தலை நிமிரும்போதெல்லாம் கண் மாறி மாறிப் பழக வேண்டியிருக்கும், அதுவே எரிச்சல்.

பல்பு டப்பாவில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்பது நீலம் கலந்த வெள்ளை, கடைக்காரர் கேட்காமலே எடுத்துத் தருவது. படிக்க 4000 நல்லது. தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரத்துக்கு 3000 மஞ்சள் வெளிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் தூக்கத்துக்கான சுரப்பு இயல்பாகவே தாமதமாகத்தான் வரும். நீல வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப் போடும்.

மின்வெட்டுக்குத் தனியாக இன்வெர்ட்டர் தேவையில்லை. 3 வாட்ஸ் யு.எஸ்.பி. விளக்கை 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்கில் செருகினால், இழப்பெல்லாம் போக 8 மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். இதைவிட மிகச் சின்ன விளக்கு என்றால், அது இழுக்கும் மின்சாரம் போதாமல் சில பவர் பேங்குகள் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். வாங்கும்போது கடையிலேயே ஐந்து நிமிடம் எரிய விட்டுப் பாருங்கள்.

வீட்டு வேலையில் மிஞ்சிய கறுப்பு கிரானைட் துண்டு, நாலுக்கு இரண்டடி, கிடக்கிறது. பையனுக்குப் படிக்கும் மேசையாகப் போடலாமா?
– வாசகர், பர்கூர்

போடலாம், இரண்டு விஷயத்தைச் சரி செய்தால். 18 மில்லிமீட்டர் கனம் என்றால் அதன் எடை 36 முதல் 40 கிலோ வரை இருக்கும். மடக்கு மேசைக் கால்களும் தகரக் கால்களும் தாங்காது. இரண்டு பக்கமும் கட்டுச் சுவரோ கனமான ஆங்கிள் சட்டமோ தேவை. நடுவே தாங்கல் இல்லாமல் 3 அடிக்கு மேல் விடாதீர்கள். கல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஒருநாள் கை ஊன்றும்போது விண்டுவிடும். முன்விளிம்பைக் கட்டாயம் உருட்டித் தரச் சொல்லுங்கள்; கூர்விளிம்பு முன்கையை அறுக்கும்.

அடுத்தது பளபளப்பு. விளக்கு அதில் கண்ணாடி போலத் தெரியும். கறுப்புக் கல்லும் வெள்ளைத் தாளும் பக்கம் பக்கமாக இருந்தாலும் கண் சீக்கிரம் களைக்கும். பழுப்பு அல்லது சாம்பல் நிறக் கெட்டித் துணியை மேசை முழுக்க விரித்துவிடுங்கள். மார்கழிக் குளிரில் மணிக்கட்டுக்கும் இதமாக இருக்கும். மேசை உயரம் 28 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து 30 அங்குல மேசையில் எழுதினால் தோள் காதுவரை ஏறிவிடும். ஏற்கனவே உயரமாகக் கட்டியாயிற்று என்றால் நாற்காலியில் 2 அங்குலக் கெட்டித் திண்டும், பாதத்துக்கு அடியில் 2 அங்குலப் பலகையும் வையுங்கள். பாதம் தொங்கினால் தொடை மரத்துப்போகும்.

கிழக்குப் பார்த்துத்தான் படிக்க வேண்டுமா?
– வாசகர், அரூர்

வீட்டுப் பெரியவர்களின் விருப்பம் அதுவென்றால் அப்படியே செய்யுங்கள். கிழக்கு ஜன்னல் நேர் எதிரே இருந்தால் காலை 7 மணிக்கு வெயில் கண்ணில் அடிக்கும். மேசையை ஒரு முழம் நகர்த்தி ஜன்னல் பக்கவாட்டில் வரச் செய்யுங்கள்.

பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு வளர்க்கும் மனை வீட்டை ஒட்டியே இருக்கிறது. கொசுத் தொல்லை தாங்காமல் மகள் படிக்க முடியாமல் தவிக்கிறாள். கொசுவர்த்தி ஏற்றினால் புழு செத்துவிடும் என்று பயம்.
– ஒரு தாய், பாலக்கோடு

உங்கள் பயம் நியாயமானது. கொசுவர்த்திப் புகை, செருகி வைக்கும் திரவ மருந்து, ஸ்பிரே மூன்றிலும் இருக்கும் பூச்சிமருந்து பட்டுப்புழுவுக்கும் விஷம்தான். மூலிகை என்று எழுதியிருந்தாலும் புகை போடாதீர்கள். தோலில் தடவும் கிரீம் பூசினால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மல்பெரித் தழையைத் தொடக் கூடாது.

வலைதான் வழி. ஜன்னலுக்கு நைலான் வலையை அளவைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, வெல்க்ரோ பட்டையால் ஒட்டுங்கள். சுண்ணாம்புச் சுவரில் பட்டை நிற்காது, பூச்சோடு உரிந்து வந்துவிடும். மரச் சட்டத்தில், தூசி துடைத்து, ஈரம் காய்ந்த பின் ஒட்டினால் நிற்கும். அதோடு மேசைக்கு மேலே நாலு ஆணியில் கட்டிலுக்குப் போடும் பெட்டி வலையைத் தொங்கவிட்டு, நாற்காலியும் உள்ளே வரும்படி ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடலாம். காலுக்கு நேராகச் சின்ன டேபிள் ஃபேன் வையுங்கள். காற்றில் கொசு நிலைத்துப் பறக்காது. கால் கழுவும் தொட்டி, தழை நனைக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு முறை கவிழ்த்துக் காயவிடுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். நான்காம் தோலுரிப்புக்குப் பிறகு புழு தழை தின்னும் அந்த ஒரு வாரம் வீடே தூங்காது. நடமாட்டம், விளக்கு, தழை வாசனை எல்லாம் மனைப் பக்கம்தான். மகளின் மூலையை மனைக்கு எதிர்க் கோடியில் அமைத்துவிடுங்கள். பரீட்சை தேதி தெரிந்த பிறகு முட்டைத் தொகுதி எடுக்கும் நாளைக் குறியுங்கள்; கடைசி வாரமும் பரீட்சையும் மோதாமல் பார்த்துக்கொள்ளலாம். மனையை பிளீச்சிங் போட்டுக் கழுவும் நாளில் அவள் வேறு வீட்டில் படிக்கட்டும். அந்த நெடி நெஞ்சை அடைக்கும்.

பெங்களூரு சாலையை ஒட்டி வீடு. ராத்திரியெல்லாம் லாரிச் சத்தம். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் குறையும் என்கிறார்களே?
– வாசகர், கிருஷ்ணகிரி

குறையாது. முட்டை அட்டை அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், வெளிச் சத்தத்தைத் தடுக்காது. தீயும் சீக்கிரம் பிடிக்கும். சத்தம் காற்றோடு சந்து வழியாக வருகிறது. காற்றடிக்கும் நேரத்தில் ஊதுபத்தியை ஏற்றி, மூடிய ஜன்னல் விளிம்பைச் சுற்றி மெல்லக் கொண்டு போங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே சந்து. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டையைச் சட்டத்தில் ஒட்டி, கதவின் அடியில் துணி உருளை ஒன்றைப் போட்டாலே ஹாரனின் கூர்மை மழுங்கும். லாரியின் அடித்தொண்டை உறுமல் சுவர் வழியாகவும் வரும், அதை முழுக்க நிறுத்த முடியாது. பீரோவையும் புத்தக அலமாரியையும் சாலைப் பக்கச் சுவரில் நிறுத்தி, மேசையை எதிர்ப் பக்கம் போடுங்கள். சாலைப் பக்கம் மூடினால் காற்றுக்குப் பின்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காதில் வைக்கும் ஃபோம் அடைப்பானை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காதின் மேல்நுனியைத் தூக்கிப் பிடித்து நுழைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியிருக்க வேண்டும். சும்மா செருகினால் பயன் தராது. காதுவலி, சீழ் இருந்தால் வைக்கக் கூடாது.

அக்கா, நான் பன்னிரண்டாவது படிக்கிறேன். எங்கள் வீடு ஒரே அறை. அப்பா, அம்மா, பாட்டி, தம்பி எல்லோரும் அங்கேதான். டிவி ஓடிக்கொண்டே இருக்கும். மேசை போட இடமில்லை. தரையில் குனிந்து எழுதி முதுகு வலிக்கிறது.
– மாணவி, பென்னாகரம்

நாற்காலி, மேசை இல்லை என்று மனசு விட்டுவிடாதே கண்ணு. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த மாதிரி ஒரு சாய்வுப் பலகை செய்தால் முதுகு நிமிர்ந்துவிடும். மர வேலை நடக்கும் இடத்தில் ப்ளைவுட் துண்டு மிஞ்சும். முக்கால் அங்குலக் கனத்தில் கேட்டு வாங்கச் சொல். மேல்பலகை 30 அங்குல நீளம், 16 அங்குல அகலம். பக்கப் பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 14 அங்குல நீளம், முன்பக்க உயரம் 9¼, பின்பக்கம் 12¼ அங்குலம். பின்னால் இரண்டையும் இணைக்க 4 அங்குல அகலத்தில் ஒரு குறுக்குப் பட்டை. அதை விட்டுவிட்டால் எழுதும்போது பலகை பக்கவாட்டில் ஆடும். ஃபெவிகால் தடவி, துளை போட்ட பிறகு ஒன்றரை அங்குல ஸ்க்ரூ பக்கத்துக்கு நான்கு. துளை போடாமல் முறுக்கினால் ப்ளைவுட் பிளந்துகொள்ளும். முன்விளிம்பில் அரை அங்குல பீடிங் (ஒல்லியான மரப்பட்டி) அடித்தால் நோட்டு சறுக்காது. நீளத்தை 24 அங்குலமாகக் குறைத்துவிடாதே. சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் பக்கப் பலகையில் இடிக்கும்.

உயரத்தை உன் உடம்பை வைத்துச் சரிபார். ஜமக்காளத்தை மடித்து 3 அங்குல உயரத்துக்குப் போட்டு அதன் மேல் உட்கார். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்தால்தான் முதுகு தானாக நிமிரும். முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அள. பலகையின் முன்விளிம்பு அந்த அளவிலோ ஓர் அங்குலம் மேலேயோ இருக்க வேண்டும். முதுகுக்குச் சுவர். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, மனப்பாடம் செய்வதை நின்றோ நடந்தோ செய். 20 நிமிடத்துக்கு ஒரு முறை வாசலுக்கு வெளியே தூரத்தில் இருக்கும் மரத்தை 20 நொடி பார்.

மூலைக்கு மூலை நைலான் கயிறு கட்டி, பழைய நூல் சேலையை இரண்டாக மடித்துத் தொங்கவிடு. சத்தத்தை அது தடுக்காது. ஆனால் டிவி வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்ணில் படாது. கவனத்தை முதலில் இழுப்பது அவைதான். பேச்சுக் குரல் கேட்கும்போது பாடம் மனதில் ஏறாது, ஆனால் கணக்குப் போடலாம், படம் வரையலாம், ரெக்கார்டு எழுதலாம். பாட்டியின் சீரியல் நேரத்தில் இந்த வேலைகளை வைத்துக்கொள். பதிலுக்கு உனக்கு இரண்டு மணி நேரம் டிவி அணைய வேண்டும் என்று அப்பாவிடம் நேராகக் கேள். எந்த இரண்டு மணி என்பதைச் சேர்ந்து முடிவு செய்து காலண்டரில் எழுதிவிடுங்கள்; தினமும் கெஞ்ச வேண்டியிராது. புத்தகம், பேனா, விளக்கு எல்லாம் ஒரே பையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் மூலை தயார். விடியற்காலை 4 மணிக்கு எழுப்புவது நம் வீடுகளில் வழக்கம். உன் வயதுக்கு 8 மணி நேரத் தூக்கமாவது தேவை. 4 மணிக்கு எழுந்தால் 8 மணிக்கே படுக்க வேண்டும். அது முடியாத வீட்டில் 5.30 போதும்.

மகன் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன் என்கிறான். மார்க் குறைந்துகொண்டே வருகிறது. மொபைலில் மூழ்கியிருக்கிறானோ என்று சந்தேகம். படிக்கும் அறையில் கேமரா வைக்கலாமா?
– ஒரு தந்தை, போச்சம்பள்ளி

வைக்காதீர்கள் ஐயா. யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற நினைப்பில் பிள்ளை படிப்பது போல் உட்காரக் கற்றுக்கொள்வான்; பக்கம் புரளும், பாடம் ஏறாது. அந்த அறையிலாவது தோற்றுத் தோற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்க அவனுக்கு இடம் வேண்டும்.

மொபைலுக்கு ஹாலில் ஓர் இடம் ஒதுக்குங்கள். ஒரு பிளக், ஒரு தட்டு. படிக்கும் நேரத்தில் அவன் மொபைல் அங்கே சார்ஜில் இருக்கட்டும், உங்கள் மொபைலும் அதே தட்டில் இருக்கட்டும். உங்களுடையது கையில் இருந்தால் இந்த ஏற்பாடு மூன்று நாள்கூட நிற்காது. வகுப்பு வீடியோ பார்க்க வேண்டுமென்றால் அதை ஹாலில் பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டு அறைக்குப் போகட்டும். கதவு ஒரு சாண் திறந்திருக்கட்டும். உள்ளே போகும்போது தட்டிவிட்டுப் போங்கள். சுவரில் மார்க் பட்டியல், ரேங்க், இலக்கு எண் எதுவும் வேண்டாம். அன்றைக்குப் படிக்க வேண்டிய மூன்று பாடத்தின் பெயரை அவன் கையால் எழுதிய ஒரு தாள் போதும்.

மார்க் குறைவதோடு தூக்கம் கெடுதல், சாப்பாடு குறைதல், பிடித்த விளையாட்டையும் விடுதல் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை மொபைல் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பரீட்சை நேரத்தில் கை நடுங்கி நெஞ்சு படபடத்தால், 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து 6 எண்ணும் வரை மெல்ல விடச் சொல்லி, ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விடாமல் அன்றே பேசுங்கள், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416: 24 மணி நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். அவன் மொபைலிலும் உங்கள் மொபைலிலும் இன்றைக்கே சேமித்துவிடுங்கள்.